அடிபட்ட தொழிலாளிக்கும் சிறைவாசிக்கும் ஒரே அலுவலகம்: எப்படி நடத்துவது?

உங்கள் கேள்வி இதுதான்: இலவச சட்ட உதவி கொடுக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பேனல் வழக்கறிஞராக, அதாவது அதன் பட்டியலில் உள்ள வழக்கறிஞராக, சேர்ந்திருக்கிறீர்கள். வேலையிடத்தில் அடிபட்ட தொழிலாளர்களின் மனுக்களைப் பார்ப்பது, சிறைக்குப் போய்வருவது என்று இரண்டு பொறுப்புகளைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இந்த வேலையில் நெடுங்காலமாக இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், சம்பந்தம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தில் 12ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். இலவச சட்ட உதவி யாருக்கு என்ற பட்டியலில் ஆலைத் தொழிலாளியும் காவலில் இருப்பவரும் அடுத்தடுத்த வரிகளில் வருகிறார்கள். இருவருக்கும் வருமானச் சான்று தேவையில்லை. ஆனால் உங்கள் அன்றாட வேலையில் அவர்களை இணைப்பது வேறொன்று. இருவரைப் பற்றியும் முதல் காகிதத்தை எழுதுவது எதிர்த்தரப்பு. விபத்து நடந்த அன்று தொழிலாளியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது கம்பெனி சூப்பர்வைசர். கைதானவரைப் பற்றி மாஜிஸ்திரேட்டிடம் காகிதம் நீட்டுவது போலீஸ். அந்த முதல் காகிதத்தில் ஏறியதை அப்புறம் மாற்றுவதற்கு வருஷக்கணக்கில் வாய்தா போக வேண்டியிருக்கும். அதனால் அலுவலகத்தை நடத்துவது என்றால் என்னைப் பொறுத்தவரை இரண்டே வேலை: முதல் காகிதத்தைச் சீக்கிரம் கைப்பற்றுவது, அதன்பின் தேதிகளைத் தவறவிடாமல் இருப்பது.

தொழிலாளி விஷயத்தில் அந்த முதல் காகிதம் ஏ.ஆர். காப்பி, அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல். தகடு அழுத்தும் மெஷினான பவர் பிரஸ்ஸில் கட்டைவிரல் போன ஒரு பையனின் ஏ.ஆர். காப்பியை வாங்கிப் பார்த்தேன். 'வீட்டில் கதவு இடுக்கில் விரல் நசுங்கியதாகக் கூறப்படுகிறது' என்று எழுதியிருந்தது. கூட்டிவந்தவர் என்ற இடத்தில் கம்பெனி சூப்பர்வைசரின் பெயர். பையன் ஒடிசாக்காரர், டாக்டர் கேட்ட கேள்வி அவருக்குப் புரியவில்லை, பதிலைச் சூப்பர்வைசரே சொல்லிவிட்டார். வீட்டுக் கதவில் விரல் நசுங்கிய ஒருவரை, வேலை நேரத்தில், கம்பெனி யூனிஃபார்மோடு, கம்பெனி வண்டியில் சூப்பர்வைசர் ஏன் கூட்டிவர வேண்டும்? அந்தக் கேள்விதான் பின்னாளில் வழக்கைக் காப்பாற்றியது. ஆனால் அவ்வளவு தூரம் போக விடக்கூடாது. அரசு மருத்துவமனை அவசர சிகிச்சைப் பிரிவில் உங்கள் சட்டத் தன்னார்வலர் ஒருவரின் போன் நம்பர் இருந்தால், முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள்ளேயே தொழிலாளியைப் பார்த்து, எங்கே, எந்த மெஷினில், எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அவர் மொழியிலேயே எழுதி வாங்கிவிடலாம். கூட வேலை செய்தவர்களின் போன் நம்பரையும் அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்துப் போனால் பாதிப்பேர் ஊருக்குப் போயிருப்பார்கள், மீதிப்பேர் வாய் திறக்க மாட்டார்கள்.

அடுத்து, எந்தக் கதவைத் தட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும். இ.எஸ்.ஐ. பொருந்தும் நிறுவனம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. கதவுதான், அங்கே உரிமை இருக்கும்போது முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் வரும். நிரந்தர ஊனம் என்றால் மருத்துவ வாரியம் பார்த்து, சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்று நிர்ணயித்து மாதாமாதம் கொடுப்பார்கள். 'என்னிடம் கார்டே இல்லை சார்' என்று வருபவரை அப்படியே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். முதலாளி பதிவு செய்யாமல் விட்டது தொழிலாளியின் குற்றமில்லை. சட்டம் பொருந்தும் நிறுவனமாக இருந்தால் பலனைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்க இ.எஸ்.ஐ. கழகத்துக்கு அதிகாரம் உண்டு. விபத்து நடந்த மறுநாள் அவசர அவசரமாக ஆன்லைனில் பெயரைச் சேர்ப்பதும் நடக்கும். பதிவான தேதியையும் விபத்துத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம். நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையின் துணை ஆணையர், இணை ஆணையர் நிலையில் இருப்பவர்கள்தான் இழப்பீட்டு ஆணையர்களாக இருந்து விசாரிக்கிறார்கள். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. இதில் குழப்பிக்கொள்ள வேண்டாம். இழப்பீட்டு உரிமை விபத்து நடந்த நாளிலேயே பிறந்துவிடுகிறது. ஆகவே எந்தச் சட்டம் என்பதை விபத்துத் தேதியே சொல்லிவிடும். இன்னும் சில வருஷங்களுக்கு உங்கள் மேஜைக்கு வரும் கோப்புகளில் நிறைய பழைய சட்டத்தின் கீழ்தான் இருக்கும், அதனால் அதை நன்றாகப் படித்துவிடுங்கள்.

கணக்கு போடத் தெரியாமல் இந்த வேலையில் உட்காரவே கூடாது. ஓர் உதாரணம். வயது 30, மாதச் சம்பளம் 15,000 ரூபாய். கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு 2020 ஜனவரியிலிருந்து அதுதான். கட்டைவிரல் முழுதாகப் போனால் சட்டத்தின் முதல் அட்டவணைப்படி 30 சதவீத இழப்பு. நிரந்தர முழு ஊனத்துக்குச் சம்பளத்தில் 60 சதவீதம், அதாவது 9,000 ரூபாய். முப்பது வயதுக்குச் சட்டத்தின் அட்டவணை கொடுக்கும் காரணி 207.98. பெருக்கினால் 18,71,820. அதில் 30 சதவீதம் 5,61,546 ரூபாய். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. நியாயமான காரணமில்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம்.

இப்போது, இதே விரலுக்குக் கம்பெனி கொடுக்க முன்வருவது என்ன? ஆஸ்பத்திரிச் செலவு, அதற்குமேல் இருபதாயிரமோ முப்பதாயிரமோ, ஸ்டாம்ப் பேப்பரில் 'எனக்கு இனி எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று ஒரு கையெழுத்து. காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடுவார்கள். அப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டேனே என்று அழுதுகொண்டு வருபவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டியது: அந்தப் பேப்பர் உங்கள் உரிமையைப் பறிக்காது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 1923 சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி செல்லாது. தொகை பேசி முடித்தாலும் அந்த ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாவிட்டால் முழுத்தொகைக்கும் முதலாளியே பொறுப்பு. மரண வழக்கில் இன்னும் கறார்: பணத்தை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும், மூன்று மாதச் சம்பளம் வரையிலான முன்பணம் தவிர, குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்ததை இழப்பீடாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. கணவரை இழந்து, மூன்றாம் நாளே கையெழுத்துக் கேட்டு வீட்டு வாசலில் நிற்பவர்களைச் சமாளிக்கும் ஒரு பெண்ணுக்கு இந்த ஒரு வரியைச் சொல்லும் ஆள் அந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

'கான்ட்ராக்டர்தான் பொறுப்பு, எங்களுக்குத் தெரியாது' என்பது அடுத்த பதில். வேலையைக் கான்ட்ராக்டுக்கு விட்ட முதன்மை முதலாளியிடமே கேட்கலாம் என்று இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு சொல்கிறது. அவர் கான்ட்ராக்டரிடம் வாங்கிக்கொள்ளட்டும். வடமாநிலத் தொழிலாளி ஊருக்குத் திரும்பிவிட்டால் வழக்கு போச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம். 21ஆவது பிரிவின்படி விபத்து நடந்த இடத்தில் மட்டுமில்லாமல், அவர் வழக்கமாகக் குடியிருக்கும் ஊரிலும் மனு போடலாம். இதற்காகவே ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாவட்ட ஆணைக்குழுக்களோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏ.ஆர். காப்பியும் சாட்சிகளின் வாக்குமூலமும் அனுப்பினால் அங்கிருப்பவர்கள் வழக்கை நடத்திவிட முடியும்.

மருத்துவ வாரியம் கொடுக்கும் சதவீதத்தோடு நின்றுவிடாதீர்கள். 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இருக்கிறது. ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார மரவேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்து இடது கையை இழந்தார். அட்டவணையைப் பார்த்தால் பகுதி ஊனம். ஆனால் ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு தச்சு வேலை செய்ய முடியுமா? அவருடைய தொழிலைப் பொறுத்தவரை இது முழு இழப்பு என்று ஆணையர் முடிவெடுத்தார், உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதனால் தொழிலாளியின் வேலை என்ன, அதை இந்தக் கையை வைத்துக்கொண்டு செய்ய முடியுமா என்பதைச் சாட்சியத்தில் கொண்டுவாருங்கள். தையல்காரரின் ஆள்காட்டி விரலும் வாட்ச்மேனின் ஆள்காட்டி விரலும் ஒன்றில்லை.

சரி, சிறைக்கு வருவோம். இங்கே நீங்கள் இரண்டு வேறு வேலைகளைச் செய்கிறீர்கள் என்பதை முதலில் மனதில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, தனித்தனி ஆட்களின் வழக்கு. மற்றொன்று, சிறை எப்படி நடக்கிறது என்ற கண்காணிப்பு. முதலாவதற்குச் சிறை அதிகாரிகளின் ஒத்துழைப்பு வேண்டும். இரண்டாவதில் அவர்களைப் பற்றியே அறிக்கை எழுத வேண்டும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே ஆள், ஒரே நோட்டில் செய்தால் இரண்டும் கெட்டுவிடும். வழக்கு விவரம் கேட்கச் சிறைக்குப் போகும் வழக்கறிஞர் வேறு, நிலைமையைப் பார்வையிடும் குழு வேறு என்று ஆணைக்குழுச் செயலாளரிடம் பேசி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

வழக்குப் பக்கம் பட்டியல்தான் எல்லாம். மத்தியச் சிறையோ கிளைச்சிறையோ, கணினிப் பதிவிலிருந்து வாராவாரம் பட்டியல் வாங்குங்கள். வாங்கியதும் முதலில் தேட வேண்டியவர்கள், ஜாமீன் கிடைத்தும் உள்ளேயே இருப்பவர்கள். இவர்கள் வெளியே தெரிய மாட்டார்கள். வழக்கறிஞர் ஜாமீன் வாங்கியதோடு வேலை முடிந்தது என்று போயிருப்பார். ஜாமீன்தாரர் இரண்டு பேர், ரத்த உறவு, ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது என்று நிபந்தனை இருக்கும். வீடே இல்லாதவரிடம் வீட்டு வரி ரசீது எப்படி இருக்கும்? 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கென்றே சில கட்டளைகள் பிறப்பித்தது. ஜாமீன் உத்தரவை அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும். 7 நாட்களுக்குள் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

இதுவும் புதிய விஷயமில்லை. 1978இலேயே மோதி ராம் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதைத்தான் கேட்டார். அந்த மனுதாரர் ஒரு கொத்தனார். உடன்பிறந்த சகோதரர் ஜாமீன் கொடுக்க வந்தும், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். ஏழைக்கு எட்டாத தொகையும் எட்டாத ஊரும் ஜாமீனை மறுப்பதற்குச் சமம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இன்றைக்கும் கட்டட வேலைக்கு வந்த இடத்தில் கைதாகி, ஜாமீன் கிடைத்தும் உள்ளே கிடக்கும் வடமாநிலத்துக் கொத்தனார்களைப் பார்க்கிறேன். அந்தத் தீர்ப்பின் நகலை மனுவோடு இணைக்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். பணம்தான் தடை என்றால் ஏழைச் சிறைவாசிகளுக்கான ஒன்றிய அரசின் திட்டம் இருக்கிறது. விசாரணைச் சிறைவாசிக்கு அதிலிருந்து ஜாமீன் தொகை கட்டலாம். மாவட்ட அளவில் அதற்கு ஒரு குழு உண்டு, உங்கள் செயலாளர் அதில் உறுப்பினர். பெயரை அனுப்புவது உங்கள் வேலை.

அடுத்து, நாட்கணக்கு. குற்றப்பத்திரிகை வராமல் வழக்குக்கு ஏற்ப 60 அல்லது 90 நாள் முடிந்தால் ஜாமீன் உரிமை. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். 61ஆம் நாள் குற்றப்பத்திரிகை வந்து, அதற்குப் பிறகு மனு போட்டால் அந்த உரிமை கைநழுவிப் போய்விடும். அப்புறம், குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டத்தின் 479ஆவது பிரிவு. அதிகபட்சத் தண்டனையில் பாதிக்காலத்தை விசாரணைச் சிறைவாசியாகவே கழித்தவருக்கு ஜாமீன். இதற்குமுன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். இந்தப் பிரிவு பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருப்பவருக்கும் சிக்கல் உண்டு. அதனால் எந்தச் சிறைவாசியிடமும் 'அடுத்த மாதம் வெளியே வந்துவிடுவீர்கள்' என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அவர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, மனு போட்டுப் பார்க்க வரும் மனைவியிடம் சொல்லி, வீட்டில் நாள் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

விசாரணைச் சிறைவாசிகள் மறுஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2016 பிப்ரவரி உத்தரவு. மாவட்ட நீதிபதி, ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர் எல்லோரும் ஒரே மேஜையில் உட்காரும் அரிய நாள் அது. அந்தக் கூட்டத்துக்குப் பெயர்ப்பட்டியல் மட்டும் போனால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே என்ன தடை, அதை நீக்க வேண்டியவர் யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதிக்கொண்டு போங்கள். 'வழிக்காவல் (நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போகும் போலீஸ்) இல்லாததால் நான்கு வாய்தாவுக்கு ஆஜர்படுத்தவில்லை' என்று எழுதினால் அது காவல் கண்காணிப்பாளருக்கான வரி. அவர் அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும்.

பட்டியலில் வயதையும் பாருங்கள். 18, 19 என்று போட்டிருக்கும் ஒவ்வொருவரிடமும் எந்தப் பள்ளியில், எந்த வருஷம் வரை படித்தார் என்று கேளுங்கள். பள்ளிச் சான்றிதழில் 17 என்று வந்தால் அவர் அந்தச் சிறையிலேயே இருக்கக்கூடாது.

கண்காணிப்புப் பக்கம் வந்தால், இங்கே பயிற்சி வேண்டும், பொறுமையும் வேண்டும். வரப்போவது தெரிந்தால் தரை கழுவியிருக்கும், சாம்பாரில் காய் இருக்கும். அதிகாரிகள் காட்டும் பிளாக்கை மட்டும் பார்த்துவிட்டு, பார்வையாளர் பதிவேட்டில் 'சிறை தூய்மையாக உள்ளது, உணவு தரமாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரி அங்கே இருப்பவர்களுக்குப் பெரிய கெடுதல். நாளைக்கு ஒருவர் தண்ணீர் இல்லை என்று உயர் நீதிமன்றத்தில் மனு போட்டால், உங்கள் கையெழுத்துதான் அவருக்கு எதிரான சாட்சி. உங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: எந்த பிளாக், எத்தனை பேருக்கு எத்தனை கழிப்பறை, குழாயைத் திறந்தபோது தண்ணீர் வந்ததா, மருந்தாளுநர் இருந்தாரா, நோயாளிப் பதிவேட்டில் கடைசியாக டாக்டர் கையெழுத்துப் போட்ட தேதி எது.

சிறைவாசியிடம் வார்டர் பக்கத்தில் நிற்கும்போது 'ஏதாவது குறை இருக்கிறதா?' என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. 'இல்லீங்கய்யா' என்றுதான் வரும். உண்மையைச் சொன்னவருக்கு பிளாக் மாற்றம், வேறு சிறைக்கு மாற்றம், கேன்டீன் நிறுத்தம் எல்லாம் காத்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். நான் கடைப்பிடிக்கும் முறை, ஒரு பிளாக்கில் இருக்கும் எல்லோரிடமும், விருப்பம் இருக்கிறதோ இல்லையோ, தனித்தனியாக, ஒரே கேள்விகளை, ஏறக்குறைய ஒரே நேர அளவில் கேட்பது. யார் சொன்னார் என்று அப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அறிக்கையிலும் பெயர் வேண்டாம், 'பத்தில் ஏழு பேர் சொன்னார்கள்' என்று எழுதினால் போதும். அடுத்த முறை போகும்போது, முன்பு பேசியவர்கள் அங்கேயே இருக்கிறார்களா என்று பட்டியலில் சரிபாருங்கள். யாராவது மாற்றப்பட்டிருந்தால் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். அந்த ஒரு கடிதம் போனால்தான் பேசியவர்களுக்குப் பாதுகாப்பு.

புகார்ப் பெட்டி இருக்கும். 1979 டிசம்பரில் சுனில் பத்ரா வழக்கின் இரண்டாவது தீர்ப்பில், திகார் சிறையில் இன்னொரு கைதிக்கு நடந்த சித்திரவதையைப் பற்றி ஒரு கைதி எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, சிறைகளில் குறைதீர்ப்புப் பெட்டி வைக்க வேண்டும், அது மாவட்ட மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிபதி ஆகியோரின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நீங்கள் போகும் சிறையில் அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். ஜெயிலரிடம் இருந்தால் அது புகார்ப் பெட்டியே இல்லை. சாவியை நீதிமன்றத்துக்குக் கொண்டுவருவதுதான் நீங்கள் முதலில் செய்ய வேண்டிய சீர்திருத்தம். செலவில்லாதது, ஆனால் எதிர்ப்பு இருக்கும்.

சாதி. இதைச் சொல்லாமல் போக முடியாது. சிறைகளில் சாதியை வைத்து வேலை கொடுப்பதும் பிரித்து அடைப்பதும் அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் மனுவில் நம் பாளையங்கோட்டைச் சிறையும் இடம்பெற்றிருந்தது. பதிவேடுகளில் சாதிக் கலம் இருக்கக்கூடாது என்றும், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் சிறைப் பார்வையாளர் குழுவும் சேர்ந்து தொடர்ந்து ஆய்வு செய்ய வேண்டும் என்றும் அதில் கட்டளை இருக்கிறது. ஆகவே இது உங்கள் விருப்பத்தைப் பொறுத்த வேலை இல்லை. கழிப்பறை கழுவுவது யார், சமையற்கட்டில் யார் என்று ஒரு வாரத்து வேலைப் பட்டியலை வாங்குங்கள். 'சண்டை வரக்கூடாது என்றுதான் பிரித்து வைத்திருக்கிறோம்' என்ற சமாதானம் வரும். சண்டையைத் தடுப்பது நிர்வாகத்தின் வேலை. அதற்குப் பதிலாகச் சாதிவாரியாக பிளாக் பிரிப்பதைச் சட்டம் ஏற்காது என்பதைத் தயங்காமல் எழுதுங்கள்.

உங்கள் இரண்டு பொறுப்புகளும் ஒன்றுசேரும் இடம் ஒன்று உண்டு, அதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. சிறைக்குள் நெசவு, தச்சு, பேக்கரி, செருப்புத் தயாரிப்பு என்று பட்டறைகள் நடக்கின்றன. அங்கேயும் மெஷின் இருக்கிறது, அங்கேயும் விரல் போகிறது. ஐ.நா. பொதுச்சபை 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகளில் 101ஆவது விதி, வேலையில் அடிபட்ட சிறைவாசிக்கு வெளியே இருக்கும் தொழிலாளிக்குக் குறையாத இழப்பீடு வேண்டும் என்கிறது. இங்கே நடப்பில், சிறை மருத்துவமனையில் கட்டுப்போட்டு பிளாக்குக்கு அனுப்பிவிடுகிறார்கள். விபத்துக்கென்று தனிக் காகிதமே எழுதப்படுவதில்லை. நீங்கள் பட்டறைக்குப் போனால் கேட்க வேண்டியவை: மெஷினில் காப்புத் தகடு இருக்கிறதா, காயப் பதிவேடு உண்டா, அடிபட்டவருக்கு வேலை செய்யாத நாட்களுக்குக் கூலி உண்டா. காயத்தைச் சிறை மருத்துவக் குறிப்பில், எந்த மெஷின் என்பதோடு சேர்த்து எழுதவையுங்கள். விடுதலையாகி வெளியே வந்தபின் அவர் எந்த வேலைக்குப் போனாலும் அந்தக் குறிப்பு தேவைப்படும். மாற்றுத்திறனாளிச் சிறைவாசிகள் விஷயத்தில் 2025 ஜூலையில் வந்த தீர்ப்பையும் படியுங்கள். கோவை மத்தியச் சிறையில் இருந்த, தசைச்சிதைவு நோயுள்ள ஒருவரின் வழக்கில், தமிழகச் சிறைகளில் அவர்களுக்கேற்ற வசதிகள் செய்ய உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. சாய்தளம் இருக்கிறதா, உட்கார்ந்து பயன்படுத்தும் கழிப்பறை இருக்கிறதா என்பது இனி தயவு தாட்சண்யத்தில் செய்யும் உதவி இல்லை.

அலுவலகத்துக்குள் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொழிலாளி கோப்பு, சிறைக் கோப்பு என்று தனித்தனி டைரி வைக்காதீர்கள். தேதிவாரியாக ஒரே டைரி. ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்திலும் மூன்று தேதிகள்: எப்போது நடந்தது, கெடு எப்போது முடிகிறது, அடுத்து நாம் என்ன செய்ய வேண்டிய நாள். பழைய சட்டப்படி இழப்பீட்டு மனுவுக்கு இரண்டு வருஷக் கெடு. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம் என்றாலும் அதை நம்பி ஆறப்போடக்கூடாது. காலையில் வந்ததும் டைரியில் அன்றைய பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. யார் லீவில் போனாலும் அந்தப் பக்கத்தை இன்னொருவர் பார்க்க வேண்டும். குடும்பத்துக்குப் போன் செய்ய ஒருவரை ஒதுக்குங்கள். 'உங்க வழக்கு அடுத்த வாரம் வருது' என்ற ஒரு போன், அவர்கள் புரோக்கரிடம் போகாமல் தடுக்கும்.

பணம் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன். சட்ட உதவியில் வந்தவரிடம் பேனல் வழக்கறிஞர் ஒரு ரூபாய் கூட வாங்கக்கூடாது. இழப்பீடு வந்ததும் 'ஏதாவது பார்த்துச் செய்யுங்க' என்று கேட்பதும், ஜாமீன் பத்திரம் எழுத நூறு இருநூறு வாங்குவதும் நடக்கிறது. ஐந்து லட்சம் வந்த தொழிலாளியிடம் ஒரு லட்சத்தைப் பிடுங்கிய கதைகளும் உண்டு. முதல் சந்திப்பிலேயே, அவர் மொழியில், 'இங்கே யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம், கேட்டால் இந்த நம்பருக்குச் சொல்லுங்கள்' என்று எழுதிய காகிதத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். தேசிய சட்ட உதவி எண் 15100. இதனால் உங்கள் சக வழக்கறிஞர்கள் சிலருக்கு உங்கள் மேல் கோபம் வரும்.

அறிக்கையில் எத்தனை முகாம் நடத்தினீர்கள், எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்றுதான் மேலிடம் கேட்கும். அதைக் கொடுங்கள், வேறு வழியில்லை. கூடவே நீங்களாகவே இன்னொரு பக்கம் சேர்த்து அனுப்புங்கள்: இந்தக் காலாண்டில் ஜாமீன் கிடைத்து ஒரு வாரத்துக்கு மேல் உள்ளே இருந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் வெளியே வந்தார்கள், வராதவர்களுக்கு என்ன தடை, இழப்பீட்டு உத்தரவாகியும் பணம் கைக்கு வராதவர்கள் எத்தனை பேர். உத்தரவு வாங்குவதற்கும் பணம் வாங்குவதற்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. முதலாளி கட்டாவிட்டால் நிலவரி பாக்கி மாதிரி வசூலிக்கச் சொல்லி ஆட்சியருக்குக் கோப்பு போகும், அங்கே தூங்கும். அந்தக் கோப்புக்கும் டைரியில் ஒரு தேதி வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மாதம் ஒருமுறை ஆளை அனுப்பி, நடவடிக்கை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

முதல் மாதத்துக்கு இவ்வளவு போதும்: அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் ஒரு தொடர்பு, இந்தி தெரிந்த ஒரு தன்னார்வலர், ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்களின் பட்டியல், வசூலாகாத இழப்பீட்டு உத்தரவுகளின் பட்டியல், மறுஆய்வுக் குழு அடுத்து எப்போது கூடுகிறது என்ற தேதி. இந்த ஐந்தும் கைக்கு வந்ததும் உங்கள் மாவட்டத்தில் எங்கே முட்டுக்கட்டை விழுகிறது என்று எழுதுங்கள், அதற்கேற்றபடி மேலே பேசலாம்.